சின்ன காருக்கு எவ்வளவு காற்று? மைலேஜ் பார்ப்பவர்களுக்கு ஒரு செய்முறை

பெட்ரோல் பங்கில் காற்று அடிக்கும் இடத்தில் வண்டியை நிறுத்தியதும் அந்தப் பையன் கேட்பது ஒரே கேள்விதான்: "எவ்வளவு சார்?" புதிதாகக் கார் வாங்கியவர்கள் பலர் அங்கே திணறுவார்கள். "நீங்களே பார்த்து அடிங்க தம்பி" என்று நானும் இரண்டு வருடம் சொல்லியிருக்கிறேன். தம்பியும் முன்னால் போன வண்டிக்கு வைத்த 35-ஐ அப்படியே எனக்கும் வைத்துவிடுவார்.

காற்றுக்கும் பெட்ரோலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், காற்று குறைந்த சைக்கிளை ஒரு தரம் மிதித்துப் பாருங்கள். டயர் உருளும்போது தரையைத் தொடும் பகுதி நசுங்கி, மறுபடி நிமிர்கிறது. காற்று குறைந்தால் நசுக்கம் கூடும். அதற்குச் செலவாகும் சக்தி ரப்பரில் சூடாகப் போய்விடும். அந்தச் சூடெல்லாம் நீங்கள் காசு கொடுத்துப் போட்ட பெட்ரோல்.

படி 1: உங்கள் வண்டிக்கு உரிய எண்ணைக் கண்டுபிடியுங்கள்

ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால், கதவு வந்து மூடும் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அங்கே இல்லையென்றால் வண்டியோடு கொடுத்த புத்தகத்தில் பாருங்கள். முன் டயருக்கு எவ்வளவு, பின் டயருக்கு எவ்வளவு என்று போட்டிருப்பார்கள். சில வண்டிகளில் ஆள் குறைவாக இருக்கும்போது ஒன்று, வண்டி நிறைய ஆளும் சாமானும் ஏற்றினால் வேறொன்று என்று இரண்டு வரிசை இருக்கும்.

எண் 230 என்று இருந்தால் மிரள வேண்டாம். அது கிலோபாஸ்கல், காற்றழுத்தத்துக்கு இன்னொரு அலகு. 6.9-ஆல் வகுத்தால் 33 பி.எஸ்.ஐ வரும், பங்கில் சொல்லும் எண் அந்த அலகில்தான். 2.3 பார் (bar) என்று இருந்தாலும் அதே 33-தான்.

டயரின் பக்கவாட்டில் 44 அல்லது 51 என்று ஒரு எண் அச்சாகியிருக்கும். பலர் ஏமாறுவது இங்கேதான். அது அந்த டயர் தாங்கும் உச்ச வரம்பு. ஒரே டயரை வெவ்வேறு எடையுள்ள வண்டிகளில் மாட்டுவார்கள் என்பதால், உங்கள் வண்டிக்கு எவ்வளவு வேண்டும் என்பது டயருக்குத் தெரியாது, கதவுத் தூணுக்குத்தான் தெரியும்.

படி 2: சொந்தமாக ஒரு கேஜ் வாங்குங்கள்

டயரில் எவ்வளவு காற்று இருக்கிறது என்று காட்டும் சின்னக் கருவிதான் கேஜ். சில நூறு ரூபாய்தான். பங்கில் இருக்கும் மெஷின் நாள் முழுக்க வெயிலில் நிற்கிறது, குழாய் தரையில் விழுகிறது, வண்டி ஏறுகிறது. என் கேஜும் நான் வழக்கமாகப் போகும் பங்கு மெஷினும் 3 பி.எஸ்.ஐ முரண்பட்டன. எது சரி என்று மண்டையை உடைத்துக்கொள்வதை விட, எப்போதும் ஒரே கேஜில் பார்ப்பது நல்லது. ஏறுகிறதா இறங்குகிறதா என்பதாவது நிச்சயமாகத் தெரியும்.

படி 3: டயர் ஆறியிருக்கும்போது பாருங்கள்

ஸ்டிக்கரில் உள்ள எண் ஆறிய டயருக்கானது. வண்டி குறைந்தது மூன்று மணி நேரம் நின்றிருக்க வேண்டும். காலையில் வெயில் டயர்மேல் விழுவதற்குள் பார்த்துவிடுவது உத்தமம்.

இதை நான் கற்றுக்கொண்டது திண்டிவனத்துக்குப் பக்கத்தில். சென்னையிலிருந்து கிளம்பி, நல்ல வெயிலில் ஒரே ஓட்டமாக ஓட்டிவிட்டு, ஒரு பங்கில் காற்று பார்க்கச் சொன்னேன். நான்கு டயரிலும் 38 காட்டியது. "ரொம்ப அதிகமா இருக்கு சார்" என்று பையன் 33-க்கு இறக்கினான். நானும் நன்றி சொல்லி, பத்து ரூபாய் கொடுத்துவிட்டு வந்தேன். மறுநாள் காலை கேஜ் வைத்தால் 28! ஓட்டத்தில் ஏறிய சூட்டால் கூடியிருந்த 5 பி.எஸ்.ஐ-யை அதிகம் என்று நினைத்துப் பிடுங்கிவிட்டோம். சூடான டயரில் எண் கூடுதலாகத்தான் காட்டும். அதை இறக்காதீர்கள்.

சூடு 5 அல்லது 6 டிகிரி செல்சியஸ் மாறினால் காற்று சுமார் 1 பி.எஸ்.ஐ மாறும். அப்படியென்றால் மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக் குளிருக்குப் போனால் டயர் தளர்ந்துவிடாதா என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் மலை ஏற ஏற வெளிக்காற்றின் அழுத்தமும் குறைகிறது. அதனால் கேஜில் எண் கிட்டத்தட்ட 3 பி.எஸ்.ஐ கூடும். குளிர் இறக்குவதை உயரம் ஏற்றிவிடும், கணக்கு ஏறக்குறைய சரியாகிவிடும்.

படி 4: குறைவதை மட்டும் கூட்டுங்கள்

பங்கு தூரத்தில் இருக்கிறது, போய்ச் சேர்வதற்குள் டயர் சூடாகிவிடும் என்றால் ஒரு சின்ன உபாயம். வீட்டிலேயே நான்கு டயரையும் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். முன் இடது 29 காட்டுகிறது, வேண்டியது 33. ஆக, 4 குறைகிறது. பங்கில் அதே டயர் 31 காட்டினால், 33 வைக்காதீர்கள், 4 கூட்டி 35 வைக்கச் சொல்லுங்கள். ஆறிய பிறகு அது 33-ல் வந்து நிற்கும். பையன் ஒரு மாதிரி பார்ப்பான். பார்க்கட்டும்.

காற்று அடித்ததும், வால்வு வாயில் ஒரு சொட்டு எச்சில் தொட்டு வையுங்கள். குமிழி வந்தால் அங்கே கசிவு இருக்கிறது. பஞ்சர் கடையில் உள்ளே இருக்கும் பின்னை மாற்றித் தருவார்கள். அப்புறம், வால்வு மூடியை மறக்காமல் மாட்டுங்கள். நான் கழற்றியதும் சட்டைப் பையில் போட்டுக்கொள்வேன். தரையில் வைத்துத் தொலைத்தவை நிறைய.

நைட்ரஜன் வேண்டுமா என்று கேட்பார்கள். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். மாதம் ஒருமுறை பார்க்கிறவருக்கு அந்தச் செலவு தேவையில்லை என்பது என் கருத்து.

படி 5: மைலேஜைக் கணக்குப் போடுங்கள்

டேங்க் நிறைய பெட்ரோல் போட்டு, ஓடிய தூரத்தைக் காட்டும் மீட்டரை பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். 400 கிலோமீட்டராவது ஓட்டிவிட்டு, அதே பங்கில் மறுபடி நிரப்புங்கள். 22 லிட்டர் பிடித்தால், லிட்டருக்கு 18 கிலோமீட்டர் சொச்சம். ஒரே ஒரு தடவை பார்த்து முடிவுக்கு வராதீர்கள். ஒரு நாள் டிராஃபிக் மொத்தக் கணக்கையும் கெடுத்துவிடும்.

"காற்றை மட்டும்தான் மாற்றினேன், 15 கொடுத்த வண்டி 20 கொடுக்கிறது" என்பவர்களை நம்ப வேண்டாம். அமெரிக்க எரிசக்தித் துறை சொல்லும் கணக்குப்படி, நான்கு டயரின் சராசரியில் 1 பி.எஸ்.ஐ குறைந்தால் மைலேஜில் சுமார் 0.2 சதவீதம் போகும். மாதம் 1,000 கிலோமீட்டர், லிட்டருக்கு 18 என்று ஓட்டுகிறவர் 6 பி.எஸ்.ஐ குறைவாக வைத்திருந்தால், மாதத்துக்கு முக்கால் லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாக வீண். பெரிய தொகை இல்லை. ஆனால் காற்று குறைந்த டயர் இரண்டு ஓரங்களிலும் சீக்கிரம் தேய்ந்துவிடும். முன்கூட்டியே டயர் வாங்க நேர்ந்தால் அதுதான் பெரிய செலவு.

அப்படியானால் கூடுதலாக அடித்தால் என்ன?

40 வைத்தால் வண்டி வழுக்கிக்கொண்டு போவது போலத் தெரியும், மைலேஜும் சற்று ஏறலாம். ஆனால் டயரின் நடுப்பகுதி மட்டும் தேயும், ஒவ்வொரு பள்ளமும் முதுகுத்தண்டில் தெரியும். தரையைத் தொடும் பரப்பு குறைவதால் ஐப்பசி மழையில் பிரேக் அடித்தால் வண்டி நிற்க வேண்டிய இடத்தில் நிற்காது. முக்கால் லிட்டருக்காக நான் அந்த வம்புக்குப் போவதில்லை. ஸ்டிக்கரில் உள்ளதற்கு மேல் 1 வைப்பேன், மிஞ்சிப் போனால் 2. டயரில் மாதம் சுமார் 1 பி.எஸ்.ஐ தானாகவே இறங்கும் என்பதால், அடுத்த முறை பார்க்கும்போது சரியான எண்ணில் இருக்கும்.

டிக்கியில் படுத்திருக்கும் ஸ்டெப்னியையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். அது எடுப்பார் இல்லாமல் கிடப்பதால் 2, 3 கூடுதலாகவே வைக்கலாம், தேவைப்படும்போது இறக்கிக்கொள்ளலாம். எனக்கு முதல்முறையாக அது தேவைப்பட்ட இரவில், ஜாக்கி வைத்து, நட்டெல்லாம் கழற்றி மாட்டி, வண்டியைக் கீழே இறக்கினால், ஸ்டெப்னி தரையோடு தரையாக உட்கார்ந்தது. கேஜ் வைத்துப் பார்த்தேன், 14.