மழை வந்தா தானா மூடுற கூரை, வீட்டு பின்பக்கம் நானே போட்ட கதை

மலேசியாவுல எங்க சுங்கை சிப்புட் பக்கம் மத்தியானம் 3 மணி வரைக்கும் வெயில் மண்டைய பொளக்கும், அப்புறம் மலைப்பக்கம் இருட்டு கட்டும், முதல் சொட்டு விழுந்து 2 நிமிஷத்துல கொட்டோ கொட்டுன்னு கொட்டும். அம்மாவுக்கு முட்டி வலி, நான் செம்பனை ஆலையில ஷிப்டுல இருப்பேன், கொடியில துணியும் முறத்துல வடகமும் மோர் மொளகாயும் நனைஞ்சு எத்தனை தடவ போச்சுன்னு கணக்கே இல்ல. அதான் தாமான்ல (குடியிருப்பு பகுதி) இருக்கற எங்க வீட்டு பின்பக்கம் 3 மீட்டர் நீளம் 2 மீட்டர் அகலத்துக்கு கென்வஸ் கூரை ஒண்ணு போட்டேன், மழை பட்டா தானா இழுத்து மூடிக்கும்.

முதல்ல கூரை. ரெண்டு ஓரத்துலயும் ஸ்டீல் கேபிள் விறைப்பா கட்டி கென்வஸ வளையம் போட்டு தொங்க விடுங்க, குறுக்கால அலுமினிய பைப் கொடுங்க, இல்லன்னா மடிப்புல தண்ணி தங்கும். சாய்வு ரொம்ப முக்கியம், 3 மீட்டருக்கு அரை மீட்டராவது இறக்கணும். 1 சதுர மீட்டர்ல 1 மில்லிமீட்டர் மழைன்னா 1 லிட்டர், அப்ப 6 சதுர மீட்டர் கூரையில 10 மில்லிமீட்டர் பேஞ்சாலே 60 லிட்டர், அதாவது 60 கிலோ. அது ஓடாம தங்கிச்சுன்னா கேபிள் கொக்கியோட சுவத்த விட்டு வந்துரும்.

மோட்டாருக்கு ஹாஃப்-கட் கடையில, அதாவது பழைய கார் சாமான் விக்கற கடையில, கார் கண்ணாடிய ஏத்தி இறக்கற பவர் விண்டோ மோட்டார் கேளுங்க. உள்ள வார்ம் கியர் (திருகு மாதிரி பல் சக்கரம்) இருக்கறதால கரண்ட் நின்னா அப்படியே பிடிச்சு நிக்கும், காத்து தள்ளினாலும் பின்னால சுத்தாது. 4 சென்டிமீட்டர் விட்டத்துல ஒரு ட்ரம் மாட்டி கயிற வளையமா ஓட விட்டா ஒரு சுத்துக்கு 12 சென்டிமீட்டருக்கு கொஞ்சம் மேல இழுக்கும், நிமிஷத்துக்கு 60 சுத்துன்னு வச்சாக்கூட 3 மீட்டர் மூட 24, 25 செகண்ட் ஆகும். எங்க ஊரு மழைக்கு அது போதும்.

சென்சார்தான் எல்லாரும் சொதப்புற இடம், நானும் சொதப்பினேன். கடையில கிடைக்கற சின்ன மழை பிளேட், மேல சீப்பு மாதிரி ரெண்டு செட் கோடு இருக்கும், தண்ணி பட்டா ரெண்டுக்கும் நடுவுல கரண்ட் ஓடும், கூட வர்ற குட்டி போர்டு அத பாத்து சிக்னல் கொடுக்கும். விலை கம்மி, ஆனா 24 மணி நேரமும் கரண்ட் கொடுத்து வச்சீங்கன்னா தண்ணி பட பட கோடு அரிச்சு பச்சை பூத்துரும், எனக்கு முதல் பிளேட் ரெண்டு மாசம் கூட தாங்கல. இதுக்கு வழி சுலபம், அந்த போர்டுக்கு வர்ற 5 வோல்ட்ட நேரா பவர்ல கொடுக்காம ஆர்டுயினோவோட (நாம எழுதற ப்ரோக்ராம ஓட்டி எல்லாத்தையும் கண்ட்ரோல் பண்ற குட்டி போர்டு) ஒரு பின்ல இருந்து கொடுங்க, செகண்டுக்கு ஒரு தடவ 50 மில்லிசெகண்ட் மட்டும் ஆன் பண்ணி படிச்சுட்டு ஆஃப் பண்ணிடுங்க. காசு இருந்தா கார் கண்ணாடியில வர்ற மாதிரி இன்ஃப்ராரெட் சென்சார் வாங்கலாம், அதுல வெளிய உலோகமே இல்ல, அரிக்காது. மழைமானி மாதிரி கவுந்து எண்ற வாளி டைப் மட்டும் வேணாம், அது முதல் வாளி நிரம்பறதுக்குள்ள வடகம் கரைஞ்சிடும்.

பிளேட்ட சாய்ச்சு வைங்க, 30 டிகிரி மாதிரி, தண்ணி வழிஞ்சு சீக்கிரம் காயட்டும். கூரை ஓரத்து சொட்டு விழாத இடமா பாருங்க. ஒரு நாள் நல்ல வெயில்ல கூரை கடகடன்னு தானா மூடிக்கிச்சு, நான் ப்ரோக்ராம்ல தப்புன்னு அரை நாள் உக்காந்து தேடறேன், பாத்தா அம்மா பிழியாத புடவைய பிளேட்டுக்கு நேர் மேல காயப் போட்டிருக்காங்க, முந்தானையில இருந்து சொட்டு சொட்டா விழுது. காலையில பனி ஈரத்துலயும் இப்படித்தான் ஏமாறும். அதனால ஒரு தடவ ஈரம்னு வந்த உடனே மூடாதீங்க, தொடர்ந்து 3 தடவ வந்தா மூடுங்க, பனிக்கு காலை 8 மணி வரைக்கும் சென்சார தூங்க விட்டுரலாம். அந்த நேரத்துல யாரு வடகம் காயப் போடறா.

வயரிங்குக்கு 5 கால் கார் ரிலே ரெண்டு, 30 ஆம்பியர்து. ரிலேன்னா சின்ன கரண்ட்ட வச்சு பெரிய கரண்ட்ட மாத்தி விடற சுவிட்ச். ஒவ்வொரு ரிலேலயும் 30ம் நம்பர் கால் மோட்டாருக்கு, 87 பேட்டரி பிளஸ்க்கு, 87ஏ மைனஸ்க்கு. ஒண்ண ஆன் பண்ணா மூடும், இன்னொண்ண ஆன் பண்ணா திறக்கும், தப்பித்தவறி ரெண்டும் ஆன் ஆனாலும் மோட்டாரோட ரெண்டு பக்கமும் பிளஸ்தான், ஷார்ட் ஆகாது. நீல கலர் குட்டி ரிலே போர்டுல மோட்டார நேரா மாட்டாதீங்க, அது 10 ஆம்பியர்தான், கயிறு சிக்கினா மோட்டார் அதுக்கு மேல இழுக்கும், அத வச்சு கார் ரிலேவ தட்டி விடுங்க. பேட்டரி பிளஸ்ல 15 ஆம்பியர் ஃபியூஸ். ரெண்டு முனையிலயும் லிமிட் சுவிட்ச், கூரை முனைக்கு வந்து இடிச்சா தெரிஞ்சுக்கற சுவிட்ச் அது, கண்டிப்பா என்சி (NC, அமுக்காதப்ப கரண்ட் ஓடற) பக்கம் போடுங்க, எலி வயர கடிச்சா கூட முனை வந்துருச்சுன்னு நினைச்சு மோட்டார் நின்னுரும். அதையும் நம்பாம ப்ரோக்ராம்ல 40 செகண்டுக்கு மேல ஓடினா நிறுத்துன்னு எழுதிடுங்க.

பேட்டரி ஆட்டோகேட்ல (தானா திறக்கற வாசல் கேட்) போடற அதே 12 வோல்ட் 7 ஆம்பியர்-ஹவர் (Ah) பேட்டரி. புயல் மழையில கரண்ட் போறதுதான் வழக்கம், கூரை தேவைப்படறதும் அப்பதான். சார்ஜர் பக்கம் 230 வோல்ட் வேலைய மட்டும் லைசன்ஸ் உள்ள வயர்மேன கூப்பிட்டு செய்யுங்க, ஈரமான இடம், விளையாட்டு இல்ல. இடி நம்ம ஊர்ல சும்மா விடாது, வெளிய பிளேட்டும் அதோட ரெண்டு வயரும் மட்டும் இருக்கட்டும், போர்டெல்லாம் பெட்டிக்குள்ள, வயர் பெட்டிக்கு கீழ் பக்கமா நுழையணும். ஸ்பேர் ஆர்டுயினோ ஒண்ணு டிராயர்ல போட்டு வைங்க.

தானா திறக்கறது? நான் வச்சு பாத்து எடுத்துட்டேன். மழை விட்டு அரை மணி கழிச்சு திறக்கற மாதிரி போட்டிருந்தேன், கென்வஸ் மேல இருந்த மிச்ச தண்ணி மடிப்புல சேந்து அப்படியே துணி மேல கவுந்துச்சு, மழையே பரவால்லன்னு ஆயிடுச்சு. இப்ப மூடறது மட்டும் தானா, திறக்கறது சுவிட்ச். அந்த சுவிட்ச மட்டும் வீட்டுல இருக்கறவங்க கைக்கு எட்டுற உயரத்துல வைங்க, நான் என் உயரத்துக்கு மாட்டிட்டு வேலைக்கு போயிட்டேன், அம்மா தொடப்பக்கட்டையால அமுக்கி அமுக்கி சுவிட்ச் மேல இருந்த மூடிய ஒடச்சு வச்சிருந்தாங்க.