எதிர்க்கட்சிக் காதலுக்கு நிதி திரட்டுவது எப்படி

இயக்குநர்கள் கதை சொல்வார்கள்; நான் ரசீது கேட்பேன். சிறு முதலீட்டுப் படங்களுக்குத் தயாரிப்பு நிர்வாகம் பார்ப்பவள் நான். ஆனால் எதிரெதிர் அரசியல் கொண்ட இருவர் காதலிக்கும் நகைச்சுவைப் படத்துக்குப் பொதுமக்களிடம் பணம் திரட்டப் போகிறோம் என்று யாராவது வந்தால், நான் முதலில் கேட்பது வரவுசெலவை அல்ல. உங்கள் திரைக்கதை யாரைப் பார்த்துச் சிரிக்கிறது என்றுதான் கேட்கிறேன்.

ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். வாக்குப்பதிவு நாள். ஒரே வாக்குச்சாவடியில், ஒரே பெஞ்சில், எதிரெதிர் அணிகளின் முகவர்களாக ஒரு பெண்ணும் ஓர் ஆணும் காலை முதல் மாலை வரை உட்கார வேண்டும். சண்டை போட முடியாது, வாக்குக் கேட்கக் கூடாது, எழுந்து போனால் எதிராளி ஏதாவது செய்துவிடுவாரோ என்ற சந்தேகம் வேறு. நகைச்சுவைக்கு இந்தக் கட்டாயமே போதும். ஆனால் அவள் சொல்வதெல்லாம் அறிவு, அவன் சொல்வதெல்லாம் அசடு என்று எழுதியிருந்தால் அது துண்டறிக்கை. துண்டறிக்கைக்கு ஒரு தரப்புதான் பணம் தரும்; அந்தத் தரப்பிலும் பலர் கட்சிக்கே கொடுத்துக் களைத்திருப்பார்கள்.

ஆகவே இணையத்தில் நிதி திரட்டும் பக்கத்தைத் திறப்பதற்கு முன் திரைக்கதையை இரண்டு முறை வாசித்துக் காட்டுங்கள். ஒரு முறை இந்த அணியைச் சேர்ந்த சிலருக்கு, இன்னொரு முறை அந்த அணியைச் சேர்ந்த சிலருக்கு. எந்த வரியில் யார் சிரித்தார்கள் என்று ஓரத்தில் இரு நிறங்களில் குறியுங்கள். தொடர்ந்து பல பக்கங்களுக்கு ஒரே நிறம் வந்தால் எழுத்தாளரைத் திரும்ப உட்கார வையுங்கள். இதற்குச் செலவு ஒன்றுமில்லை. ஆனால் இதைச் செய்யாமல் வருபவர்கள்தான் அதிகம்.

அடுத்து பணம். காதல் நகைச்சுவைக்குப் பெரிய கருவிகள் வேண்டாம் என்பது உண்மை. மலிவு என்பது பொய். பாட்டு உரிமை, வெளியிடங்களின் வாடகை, இரு நடிகர்களும் ஒத்திகை பார்க்கும் நாட்கள் எல்லாம் சேர்ந்து விழுங்கும். ஒத்திகையில் கைவைக்காதீர்கள், அந்த இருவருக்கும் இடையே ஒன்றும் நடக்கவில்லை என்றால் மற்ற செலவெல்லாம் வீண். குறைக்க வேண்டியது கூட்டக் காட்சியை. தேர்தல் பேரணியைக் காட்டாதீர்கள். சன்னலுக்கு வெளியே ஒலிபெருக்கி கேட்கட்டும், உள்ளே இருவரும் முகத்தைத் திருப்பிக்கொள்ளட்டும். உண்மையான கட்சிகளின் கொடி, சின்னம், தலைவர்களின் படம் எதையும் காட்சிக்குள் கொண்டுவராதீர்கள். கற்பனை நிறங்களையும் கற்பனைச் சின்னங்களையும் வரைந்துகொண்டால் வழக்குத் தொல்லையும் குறையும், எந்தக் கட்சி என்று பார்வையாளர் மண்டையை உடைத்துக்கொள்வதும் நகைச்சுவையோடு சேரும்.

இலக்குத் தொகையை வைக்கும்போது பிடித்தங்களை மறக்காதீர்கள். பொதுமக்களிடம் பணம் திரட்டித் தரும் இணையதளமான கிக்ஸ்டார்ட்டர் 5 சதவீதம் எடுத்துக்கொள்கிறது; பணம் கைமாறும் செலவு தனி. பணம் தந்தவர்களுக்குத் திருப்பித் தரும் கைம்மாறுப் பொருட்களைச் செய்வது, அஞ்சல், வரி, கடைசி நேரத்தில் பணம் எடுக்க முடியாமல் தோற்றுப்போகும் வங்கி அட்டைகள் எல்லாவற்றையும் கழித்தால் நூறு திரட்டினால் எண்பதுக்கு மேல் படப்பிடிப்புக்குப் போகாது என்றே நான் கணக்குப் போடுவேன். முழுப் படத்துக்கும் ஒரே மூச்சில் கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. 2014இல் வெளியான ‘ஆப்வியஸ் சைல்டு’ என்ற காதல் நகைச்சுவை, படப்பிடிப்பை முடித்துவிட்டு, படத்தொகுப்பு, ஒலி போன்ற பின்தயாரிப்புக்குத்தான் கிக்ஸ்டார்ட்டரில் கேட்டது. எடுத்த காட்சியைக் காட்டிக் கேட்பது, எடுக்கப்போகும் காட்சியை விவரித்துக் கேட்பதைவிட எளிது.

தளத்தைத் தேர்வது பற்றி நெடுநேரம் விவாதிப்பார்கள், அவ்வளவு தேவையில்லை. 2009இல் தொடங்கிய கிக்ஸ்டார்ட்டரில் இலக்கை எட்டினால்தான் பணம், இல்லையேல் ஒரு காசும் வராது. அங்கே திட்டம் தொடங்க அனுமதிக்கப்பட்ட நாடுகளின் பட்டியல் உண்டு, முதலில் அதைப் பாருங்கள். அதற்கு ஓராண்டு முன் வந்த இண்டிகோகோ, எட்டாவிட்டாலும் திரண்டதை எடுத்துக்கொள்ளும் முறையைப் பரவலாக்கியது. திரைப்படங்களை மனதில் வைத்து உருவான சீட் அண்ட் ஸ்பார்க், இலக்கில் 80 சதவீதத்தைத் தொட்டால் பணத்தை விடுவிக்கிறது. இன்னும் எடுக்காத படத்துக்கு ‘எல்லாம் அல்லது ஒன்றுமில்லை’ முறையே நியாயம் என்பது என் கட்சி. பாதிப் பணத்தை வாங்கிப் பாதிப் படம் எடுத்தால் இரண்டு அணிகளும் சேர்ந்து திட்டும், ஒற்றுமை அதில் மட்டும் வரும்.

நம் விஷயத்துக்கு நேரடியாகப் பொருந்தும் விதி ஒன்று உண்டு. கிக்ஸ்டார்ட்டர் அரசியல் நிதி திரட்டலை அனுமதிப்பதில்லை. அரசியலைப் பற்றிப் படம் எடுக்கலாம். கட்சிக்கோ வேட்பாளருக்கோ பணம் சேர்க்கக் கூடாது. ‘வசூலில் ஒரு பகுதி இந்த இயக்கத்துக்கு’ என்று நல்ல மனதோடு எழுதினால்கூடச் சிக்கல். தொண்டு நிதிக்கும் அங்கே இடமில்லை. குலுக்கல் பரிசும் கூடாது. லாபத்தில் பங்கு தருகிறோம் என்று எங்கும் எழுதிவிடாதீர்கள். அது நன்கொடை என்ற இடத்திலிருந்து முதலீட்டுச் சட்டத்துக்குள் போய்விடும், அதற்கு வழக்கறிஞர் வேண்டும்.

பணம் யாரிடமிருந்து வரும்? 1976இல் வந்த ‘மந்தன்’ படத்துக்குக் குஜராத் பால் கூட்டுறவைச் சேர்ந்த 5 லட்சம் விவசாயிகள் ஆளுக்கு 2 ரூபாய் கொடுத்தார்கள். 2013இல் ‘வெரோனிகா மார்ஸ்’ தொலைக்காட்சித் தொடரைப் படமாக்க 91,585 பேர் சேர்ந்து 57 லட்சம் டாலர் கொடுத்தார்கள். இரண்டிலும் கொடுத்தவர்கள் அந்தக் கதையை ஏற்கெனவே தங்களுடையதாக நினைத்தவர்கள். உங்கள் படத்துக்கு அப்படிப்பட்டவர்கள் யார் என்று கேட்டால் எல்லோரும் ‘அரசியல் ஆர்வலர்கள்’ என்பார்கள். அவர்கள் விவாதிக்க வருவார்கள், பணம் தர வருவது அரிது. தருகிறவர்கள், வீட்டில் செய்தி ஓடும்போது தொலைக்காட்சியை யாராவது நிறுத்திவிடும் குடும்பத்தினர்: வேறு கட்சிக்கு வாக்களிக்கும் ஆளைக் கட்டிக்கொண்டவர்கள், மாமனாரோடு ஒரு பேச்சை மட்டும் தவிர்ப்பவர்கள், தேர்தலுக்குத் தேர்தல் அண்ணனோடு பேச்சை நிறுத்தி மறுபடி தொடங்குபவர்கள். அவர்களின் மின்னஞ்சல் முகவரிகளைப் பக்கம் திறப்பதற்குப் பல மாதங்கள் முன்பே சேர்க்கத் தொடங்குங்கள். அனுபவங்களை எழுதி அனுப்பச் சொல்லுங்கள். அனுமதி வாங்கி, பெயரை எடுத்துவிட்டு, வாரம் ஒன்றைப் பகிருங்கள். முதல் நாளில் இந்தப் பட்டியலிலிருந்தே இலக்கில் கால் பங்காவது வந்துவிட வேண்டும். காலியாக இருக்கும் பக்கத்தில் அறிமுகமில்லாதவர் பணம் போடத் தயங்குவார்.

அழைப்புக் காணொளியில் இயக்குநர் நாற்காலியில் அமர்ந்து சமூகம் பிளவுபட்டிருப்பதைப் பற்றிப் பேச வேண்டாம், தயவுசெய்து. அந்த பெஞ்சைக் காட்டுங்கள். அவளுடைய வாக்காளர் பட்டியல் காற்றில் பறக்கிறது; அவன் பிடித்துத் தருகிறான்; தரும் முன் ஒரு முறை படித்துவிடுகிறான். ஒன்றரை நிமிடம். அதன் பிறகு எவ்வளவு வேண்டும், எதற்கு வேண்டும் என்று நடிகர்கள் இருவரும் மாறி மாறிச் சொல்லட்டும். பக்கம் முழுவதும் இரு வீட்டார் அழைப்பாக இருக்க வேண்டும்.

கைம்மாறுகளில் ஒரு வலை இருக்கிறது. ‘எந்த அணி அதிகம் தருகிறது பார்ப்போம்’ என்று போட்டி வைக்கும்படி யாராவது யோசனை சொல்வார்கள். முதல் இரு நாள் பிரமாதமாக ஓடும். பிறகு தோற்கும் அணி கோபித்துக்கொண்டு போய்விடும், மிஞ்சிய அணியின் படம் என்று பெயர் நிலைத்துவிடும். அணி நிறத்தில் பேட்ஜும் வேண்டாம். நான் பரிந்துரைப்பது இரட்டை அனுமதிச் சீட்டு: இருவர் சேர்ந்து வந்தால்தான் செல்லும், இரண்டாமவர் உங்களோடு அரசியலில் ஒத்துப்போகாதவராக இருக்க வேண்டும். யாரும் சரிபார்க்கப் போவதில்லை. ஆனால் வாங்குபவர் அன்று மாலையே ஒருவருக்குத் தொலைபேசியில் அழைப்பார். அந்த ஒருவருக்கும் படம் தெரிந்துவிடும்.

கொஞ்சம் சூடு பிடித்ததும் பெரிய தொகையோடு ஒருவர் வருவார். கிளைமாக்ஸில் அவன் மனம் மாறி அவளுடைய அணிக்கு வந்துவிட்டால் நன்றாக இருக்குமே என்பார். இதற்கான பதிலை அவர் வருவதற்கு முன்பே பக்கத்தில் எழுதி வைத்திருக்க வேண்டும். கட்சிகளிடமும் வேட்பாளர்களிடமும் பணம் வாங்குவதில்லை, ஒரே நபரிடம் இலக்கில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வாங்குவதில்லை, பணம் தந்தவருக்குத் திரைக்கதையில் கை இல்லை. விதி முன்பே இருந்தால் மறுப்பது எளிது. ஆளைப் பார்த்துச் செய்ததாக ஆகாது.

தேர்தல் காலத்தில் பக்கத்தைத் திறக்காதீர்கள். கவனம் கிடைக்கும் என்று தோன்றும், கிடைப்பது வசவு. மேலும் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் விளம்பரங்களில் சமூகப் பிரச்சினை, தேர்தல், அரசியல் சார்ந்தவற்றுக்கு, அவற்றை நடத்தும் மெட்டா நிறுவனம் அடையாளச் சரிபார்ப்பும் யார் பணம் கொடுத்தது என்ற குறிப்பும் கேட்கிறது. ‘தேர்தல்’ என்ற சொல் இருந்தால் உங்கள் காதல் படமும் அந்த வலையில் மாட்டலாம். சரிபார்ப்பை முன்பே முடித்துவிடுங்கள்.

நடிகர்கள் பழைய பதிவுகளில் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று ஒப்பந்தத்துக்கு முன் கேளுங்கள். நீக்கச் சொல்வதற்கு அல்ல, யாராவது தோண்டி எடுக்கும்போது நீங்கள் திகைக்காமல் இருப்பதற்கு. கருத்துப் பகுதியில் ஒருவர் மட்டும் பதில் எழுதட்டும். விமர்சனம் இருக்கட்டும், வசை போகட்டும். எது எந்த அணியிலிருந்து வந்தாலும் இதே விதி.

நடுவில் பணம் வராத வாரங்கள் வரும். எல்லாத் திரட்டல்களிலும் வரும். அப்போது கெஞ்சாமல் புதிதாக ஏதாவது காட்டுங்கள்: ஒத்திகைத் துணுக்கு, கற்பனைக் கட்சிகளின் தேர்தல் அறிக்கை, அந்த பெஞ்சின் ஒளிப்படம்.

இலக்கை எட்டியபின் கிக்ஸ்டார்ட்டரிலிருந்து பணம் வங்கிக்கு வர ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். அதுவரை யாருக்கும் முன்பணம் உறுதி சொல்லாதீர்கள். வந்தவுடன் ஆதரவாளர்களுக்குக் கணக்கு அனுப்புங்கள்: திரண்டது, தளம் பிடித்தது, தோற்ற அட்டைகள், கையில் நின்றது. பதிலுக்கு இரண்டு அணியினரும் ஒரே கேள்வியைத்தான் அனுப்புவார்கள், படம் எப்போது வரும் என்று. படத்தொகுப்பாளர் தேதி சொல்லும்வரை மாதத்தைக்கூடச் சொல்லிவிடாதீர்கள்.