படகின் தேக்குத் தளம்: கழுவிக் கழுவியே கெடுக்கும் தவறுகள்

தேக்குப் பலகை பதித்த படகுத் தளம் வெயிலில் சாம்பல் நிறமாவதைப் பார்த்தால் பலருக்குக் கை சும்மா இருப்பதில்லை. அழுக்கு ஏறிவிட்டது, நன்றாகத் தேய்த்தால் பழைய பொன்னிறம் திரும்பிவிடும் என்று வாளியும் பிரஷுமாக இறங்கிவிடுகிறார்கள். அந்தச் சாம்பல் நிறம் அழுக்கே இல்லை. சூரிய ஒளியின் புற ஊதாக் கதிர்கள் மரத்தின் மேல்பரப்பில் நார்களைப் பிணைத்திருக்கும் லிக்னின் என்ற பொருளைச் சிதைக்கின்றன. மழையும் அலையும் அதைக் கழுவிக்கொண்டு போக, வெளிறிய நார் மட்டும் மேலே மிஞ்சுகிறது. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான ஆழம்தான் இந்த மாற்றம். அதற்குக் கீழே மரம் தன் எண்ணெயோடும் சிலிக்காவோடும் அப்படியே இருக்கிறது. சாம்பல் நிறத் தேக்கு ஆரோக்கியமான தேக்கு.

தேக்கு எத்தனை காலம் தாங்கும் என்பதற்குச் சாட்சி வேண்டுமென்றால், 1817-இல் பம்பாயில் வாடியா குடும்பத்தார் கட்டிய ட்ரிங்கோமலி என்ற போர்க்கப்பலைச் சொல்லலாம். இங்கிலாந்தில் ஹார்ட்டில்பூல் என்ற ஊரில் இன்றும் அது இருக்கிறது. அந்தக் காலத்துக் கடற்படையினர் தளத்தை மணற்கல்லால் தேய்த்தார்கள் என்பதைப் படித்துவிட்டு, நாமும் தேய்த்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் தேய்த்தது அங்குலக் கணக்கில் கனமான பலகை. இன்றைய படகுகளில் ஃபைபர் உடலின் மேல் ஒட்டப்படும் தேக்கு பெரும்பாலும் 6 முதல் 12 மில்லிமீட்டர் கனம்தான். ஒருமுறை உப்புத்தாள் போட்டு இழைத்தால் அரை மில்லிமீட்டராவது போய்விடும். ஆண்டுதோறும் இழைப்பவருக்குத் தளம் எத்தனை ஆண்டு நிற்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

காசிமேட்டில் விசைப்படகுகள் இரும்புக்கும் ஃபைபருக்கும் மாறிவருகின்றன. தேக்குத் தளத்தை இனி உல்லாசப் படகுகளிலும் பழைய லாஞ்சுகளிலும்தான் அதிகம் பார்க்க முடியும். ஆனாலும் 1911-இல் தொடங்கிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப் சென்னைத் துறைமுகத்துக்குள்ளேயே இருப்பதால், பாய்ப்படகு வடசென்னைக்கு அந்நியமான பொருளும் அல்ல. பழைய படகை வாங்கிச் சீர் செய்ய நினைப்பவர்கள் முதலில் கை வைப்பதும் தளத்தில்தான், முதலில் கெடுப்பதும் தளத்தைத்தான்.

கெடுக்கும் கருவிகளில் முதலிடம் பிரஷர் வாஷருக்கு. கார் கழுவும் இடத்திலிருந்து இரவல் வாங்கி வந்து அடித்தால் ஐந்தே நிமிடத்தில் தளம் பளபளக்கும். தேக்கில் மெத்தென்ற ரேகையும் கெட்டியான ரேகையும் மாறி மாறி ஓடுகின்றன. வேகமான நீர் மெத்தென்ற ரேகையைப் பிய்த்தெறிந்துவிட்டுக் கெட்டியானதை விட்டுவைக்கிறது. நாலைந்து முறை அடித்த பிறகு பலகை வரப்பும் வாய்க்காலுமாகிவிடும். அந்த வாய்க்கால்களில் ஈரமும் பாசியும் தங்கும், தளம் முன்பைவிட விரைவாகக் கறுக்கும். உடனே மறுபடியும் பிரஷர் வாஷர் வரும்.

கெட்டியான தேங்காய் நார் பிரஷால் ரேகையின் போக்கிலேயே தேய்ப்பதும் இதே வேலையைத்தான் கொஞ்சம் மெதுவாகச் செய்கிறது. வீட்டுக் கதவைத் துடைப்பவருக்கு ரேகையோடு போவதே இயல்பாக வரும். படகுத் தளத்தில் அது வேண்டாம். மென்மையான நைலான் பிரஷோ தேய்க்கும் பேடோ எடுத்து, ரேகைக்குக் குறுக்காக, அழுத்தாமல் தேய்க்க வேண்டும். பிரஷின் முடி வளையும் அளவுக்கு அழுத்தினால் அழுத்தம் அதிகம் என்று பொருள். இரும்புக் கம்பி நார் கூடவே கூடாது. அதிலிருந்து உதிரும் துணுக்குகள் ரேகைக்குள் புகுந்து, மறுநாளே துருப்பிடித்து, ஒவ்வொன்றும் ஒரு கரும்புள்ளியாகிவிடும்.

தேய்ப்பதற்கு முன் ஒரு காரியம் இருக்கிறது, வடசென்னைக்கு அது மிகவும் பொருந்தும். 2011-இல் உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறக்குவது நின்று எண்ணூருக்கு மாறியது. அதற்கு முன் ராயபுரத்தில் மொட்டை மாடியில் துணி காயப்போட்டவர்களைக் கேட்டால் கரித்தூள் கதை சொல்வார்கள். இப்போதும் எண்ணூர்ப் பக்கம் கட்டி நிறுத்தும் படகின் தளத்தில் விரலை ஓட்டினால் மெல்லிய சாம்பல் ஒட்டும். அனல்மின் நிலையச் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா, அலுமினா என்ற கடினத் துகள்கள்தான். அதன் மேலேயே சோப்பைக் கொட்டித் தேய்த்தால், காசு கொடுக்காமலே உப்புத்தாள் போட்டதாகிவிடும். முதலில் தாராளமாக நீரை ஊற்றித் தூசியை ஓடவிட்ட பிறகே பிரஷைத் தொட வேண்டும்.

என்ன நீர்? கடல் நீர்தான் நல்லது. உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்வதால் பலகை முற்றிலும் காய்ந்து சுருங்குவதில்லை, பூஞ்சைக்கும் உப்பு பிடிக்காது. நல்ல தண்ணீரில் கழுவினால்தான் சுத்தம் என்ற எண்ணம் குளியலறைக்குச் சரி. ஆனால் காசிமேட்டுப் படகுத்துறை ஓரத்தில் வாளியை இறக்கி மொண்டால் வருவது கடல் நீர் மட்டும் அல்ல. டீசல் படலமும் மீன் கழிவும் சேர்ந்து வரும். அதைத் தளத்தில் ஊற்றுவதற்குக் குழாய் நீரே மேல். அலைதடுப்புச் சுவரைத் தாண்டி வெளியே போகும்போது அங்கேயே மொண்டு கழுவிவிடுவது எல்லாவற்றிலும் சிறந்தது. உச்சி வெயிலில் கழுவக் கூடாது. சோப்பு நீர் காய்ந்து பலகையிலேயே படிந்துவிடும். காலையிலோ வெயில் தாழ்ந்த பிறகோ கழுவலாம். சோப்பும் பாத்திரம் துலக்கும் திரவத்தில் சில சொட்டு போதும்.

ரசாயனங்களுக்கு வருவோம். மீன் வாடை போகப் பிளீச்சிங் பவுடர் தூவுவது துறைமுகத்தில் சாதாரணம். சிமெண்டுத் தரைக்கு அது பொருந்தும். தேக்கில் குளோரின் லிக்னினைத் தின்று, பலகையைப் பஞ்சுபோலச் சிலிர்க்க வைக்கும், பலகை இடுக்குகளை அடைத்திருக்கும் கறுப்பு ரப்பரையும் அரிக்கும். காஸ்டிக் சோடா மரத்தின் எண்ணெயை உறிஞ்சிவிடும். குளியலறை ஆசிட் அலுமினியச் சட்டங்களையும் சேர்த்து அரிக்கும். கடைகளில் இரண்டு புட்டிகளாக விற்கும் தேக்குச் சுத்திகரிப்பான்கள் பலவும் இதே காரமும் அமிலமும்தான், லேபிள் மட்டும் அழகு. படகை விற்கப் போகிற வாரத்தில் சிலர் அதைப் பயன்படுத்துவார்கள். வாங்க வருபவர் கவனிக்க வேண்டிய விஷயம் அது: பழைய படகில் புத்தம் புது மஞ்சள் தளம் இருந்தால், பலகையின் கனத்தை அளந்து பாருங்கள்.

எண்ணெய் பூசுவது பற்றி எத்தனை சொன்னாலும் கேட்பவர்கள் குறைவு. தேக்கு எண்ணெய் என்று டப்பாவில் வருவது தேக்கிலிருந்து எடுத்தது அல்ல. பெரும்பாலும் ஆளி விதை எண்ணெயோ டங் எண்ணெயோ, கூடவே கரைப்பானும் கலந்த சரக்கு. பூசிய அன்று தளம் கண்ணைப் பறிக்கும். சென்னையின் புழுக்கத்தில் அந்த எண்ணெய் பூஞ்சைக்குத் தீனி, தூசிக்குப் பசை. சில வாரங்களில் தளம் திட்டுத் திட்டாகக் கறுத்துப்போகும். அதைச் சுரண்ட மறுபடியும் காரம், மறுபடியும் எண்ணெய் என்று பலகை மெலிந்துகொண்டே போகும். நம் கடற்கரைகளில் மரப் படகின் உடலுக்கு முந்திரிக்கொட்டை ஓட்டு எண்ணெய் பூசும் பழக்கம் உண்டு. மரப்புழுவுக்கு எதிராக அது பயன்படும். அதைக் கொண்டுவந்து தளத்தில் பூசினால் கறுப்பதோடு, வெறுங்காலோடு நடப்பவரின் தோலும் புண்ணாகும். வார்னிஷ் கைப்பிடிகளுக்கு அழகு. மிதிக்கும் தளத்தில் ஈரம் பட்டால் ஆளைச் சறுக்கிவிடும், பிறகு செதில் செதிலாக உரியும். தேக்குத் தளத்தின் பெரிய குணமே ஈரத்திலும் கால் வழுக்காதது. அதன் மேல் எதையாவது பூசி அந்தக் குணத்தை ஏன் போக்க வேண்டும்?

கறைகளில் ஒவ்வொன்றுக்கும் தனி வழி. படகில் சமைக்கும்போது கொட்டிய குழம்பின் மஞ்சள் கறையைப் பார்த்துப் பதற வேண்டியதில்லை. எண்ணெய்ப் பசையைச் சோப்பு நீரால் எடுத்துவிட்டால், மஞ்சளை வெயிலே வெளுத்துவிடும். டீசலோ எண்ணெயோ சிந்தினால் துணியால் பரப்பித் துடைக்கக் கூடாது. உடனே முல்தானி மட்டியையோ சுண்ணக்கட்டித் தூளையோ தூவி, அது உறிஞ்சிய பிறகு பெருக்க வேண்டும். நங்கூரச் சங்கிலி பட்ட இடங்களில் வரும் கரும்புள்ளி, மரத்தில் உள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருளும் இரும்பும் சேர்ந்து உண்டாக்குவது. இதற்கு மட்டும் அமிலம் வேண்டும். பாரிமுனைப் பக்கத்து ரசாயனக் கடைகளில் கிடைக்கும் ஆக்சாலிக் அமிலத்தை நீர்க்கக் கரைத்து, கறையின் மேல் மட்டும் தடவி, சில நிமிடங்களில் நிறைய நீர் விட்டு அலச வேண்டும். அது நஞ்சு. கையுறை போட்டுக்கொள்ள வேண்டும், குடிதண்ணீர்ப் புட்டியில் கரைத்து வைக்கவே கூடாது.

தார் உருண்டை இந்தக் கரைக்கே உரிய தொல்லை. 2017 ஜனவரியில் எண்ணூருக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கசிந்தபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோதும் படகுகள் பட்ட பாட்டை இங்கே எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். மற்ற நாட்களிலும் செருப்பில் ஒட்டி வரும் ஓர் உருண்டை தளத்தைப் பாழாக்கப் போதும். பெட்ரோலோ தின்னரோ ஊற்றினால் தார் கரைந்து ரேகைக்குள் இறங்கிவிடும், அடைப்பு ரப்பரும் இளகும். காசிமேட்டில் பனிக்கட்டிக்கா பஞ்சம்? ஐஸ் பெட்டியிலிருந்து ஒரு துண்டை எடுத்துத் தாரின் மேல் அழுத்தி வைத்திருந்தால் அது இறுகி நொறுங்கும் பதத்துக்கு வரும். அப்போது பிளாஸ்டிக் தகட்டையோ மரச் சீவலையோ அடியில் கொடுத்து நெம்பினால் பெரும்பகுதி பெயர்ந்து வரும். மிஞ்சிய நிழலை வெயிலுக்கு விட்டுவிடலாம்.

கழுவும் வேலைக்கு ஓர் உபரிப் பயன் உண்டு. கழுவி முடித்து உடனே எழுந்து போய்விடுவதால் பலர் அதை இழக்கிறார்கள். தளம் காய்வதை உட்கார்ந்து பார்க்க வேண்டும். பலகைகள் காய்ந்து வெளுத்த பிறகும் ஏதோ ஓர் இடுக்கின் ஓரம் மட்டும் ஈரக்கோடாகக் கறுத்து நின்றால், அங்கே அடைப்பு பலகையை விட்டுவிட்டது, நீர் உள்ளே இறங்கிவிட்டது என்று பொருள். அந்த இடத்தை ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியால் தட்டிப் பாருங்கள். சுற்றிலும் கணீரென்று ஒலிக்க, அங்கே மட்டும் தொப்பென்று மந்தமாக ஒலித்தால் அடியில் உள்ள பகுதியும் ஊறிவிட்டிருக்கலாம். தளத்துக்கு அடியில் பால்சா என்ற இலேசான மரம் வைத்த ஃபைபர் படகாக இருந்தால் தள்ளிப்போடவே கூடாது.

அடைப்பை மாற்றுவதில்தான் காசும் உழைப்பும் அதிகம் வீணாகின்றன. ஹார்டுவேர் கடையில் கண்ணாடிச் சட்டத்துக்கு விற்கும் சிலிக்கான் டியூபை வாங்கி, பழைய ரப்பரின் மேலேயே பிதுக்கிவிடுவது பரவலான வழக்கம். ஒரு பருவம்கூடத் தாங்காது. மேலும், சிலிக்கான் பட்ட மரத்தில் பிறகு நல்ல சரக்கும் ஒட்டாது. படகுத் தளத்துக்கென்றே பாலிசல்ஃபைடு போன்ற அடைப்புகள் வருகின்றன. பழையதை முழுவதும் சுரண்டி எடுக்க வேண்டும். கையில் பிடித்த மின்ரம்பத்தால் எடுக்கப் போனால், ஒரு நொடி கை நழுவினாலும் பலகை போச்சு. தேக்கில் எண்ணெய் இருப்பதால் இடுக்கின் பக்கங்களை அசிட்டோனால் துடைத்து, உலரவிட்டு, அந்தச் சரக்குக்கு உரிய பிரைமரைத் தடவ வேண்டும்.

நல்ல தச்சர்களும் விட்டுவிடும் ஒரு நுணுக்கம் இதில் இருக்கிறது. அடைப்பு பலகையின் இரு பக்கங்களிலும் மட்டுமே ஒட்ட வேண்டும், இடுக்கின் அடியில் ஒட்டக் கூடாது. வெயிலிலும் ஈரத்திலும் பலகை சுருங்கி விரியும்போது ரப்பரும் கூடவே இழுபட வேண்டும். அடியிலும் ஒட்டியிருந்தால் இழுபட வழியில்லாமல் ஓரத்தில் கிழிந்துவிடும். அதனால் இடுக்கின் அடியில் ஒட்டாத ஒரு மெல்லிய டேப்பைப் பதித்துவிட்டு அதன் மேல் நிரப்புகிறார்கள். அடியிலிருந்து மேலாகக் காற்றுக் குமிழி இல்லாமல் நிரப்ப வேண்டும். முற்றிலும் இறுகும்வரை, அது பல நாட்கள் ஆனாலும், உப்புத்தாளைத் தொடக் கூடாது.

எப்போது செய்வது? அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இடுக்கைத் திறந்தால் மரம் காயவே காயாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் காசிமேட்டில் விசைப்படகுகள் கரையேறிப் பழுது பார்க்கப்படும். உலர்ந்த காலம், ஆனால் தச்சர் கிடைக்க மாட்டார், கூலியும் ஏறியிருக்கும். மீன்பிடிப் படகு இல்லாதவர் பிப்ரவரி, மார்ச்சிலேயே முடித்துக்கொள்வது நல்லது. மழைக்காலத்தில் நீலத் தார்ப்பாயைத் தளத்தோடு இறுக்கிக் கட்டிவிடுவதும் தவறுதான். உள்ளே புழுங்கிப் பூஞ்சை பூத்துவிடும். காற்றுப் போக இடம் விட்டு, உயர்த்திக் கட்ட வேண்டும்.

பலகையைப் பிடித்திருக்கும் திருகுகளின் தலை வெளியே தெரிய ஆரம்பித்தால் மரப்புட்டி வைத்து மறைக்காதீர்கள். அது சில மாதங்களில் உதிரும். திருகைக் கழற்றி, குழியைச் சற்று ஆழமாக்கி, திருகைத் திரும்பப் பூட்டி, அதன் மேல் புதிய தேக்குத் தக்கையை எபாக்சிப் பசை தடவி, அதன் ரேகை பலகையின் ரேகையோடு சேரும்படி அடிக்க வேண்டும். தக்கை நிற்க ஆழமே இல்லாத அளவுக்குப் பலகை மெலிந்திருந்தால், அந்தப் பலகையை மாற்றுவதுதான் வழி.

மாற்றுப் பலகைக்கு வால்டாக்ஸ் சாலை மரக்கடைகளுக்குப் போகும்போது, விலை குறைவு என்று வெளிர் நிற ஓரம் உள்ள பலகையை வாங்க வேண்டாம். தேக்கின் உறுதி வைரம் எனப்படும் உள்மரத்தில்தான் இருக்கிறது, வெளிப்புற வெண்மரம் விரைவில் உளுத்துப்போகும். இடித்த பழைய வீடுகளின் உத்தரமும் நிலைக்கதவும் சில நேரம் புதிய மரத்தைவிடத் தரமாக இருக்கும். ஆனால் உள்ளே ஒடிந்த ஆணி இருக்கலாம். அறுப்பதற்கு முன் ஒரு காந்தத்தை நான்கு பக்கமும் ஓட்டிப் பார்ப்பது ரம்பத்துக்கும் நல்லது, பின்னால் வரக்கூடிய துருக்கறைக்கும் நல்லது. இழைக்கும்போது முகமூடி அணியுங்கள், தேக்குத் தூள் மூச்சையும் தோலையும் உறுத்தும்.