டர்பன் ஆங்கில வழக்குகளின் வேரைத் தேடுவது எப்படி?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், இந்தியர் மிகுந்த சாட்ஸ்வொர்த் பக்கம் புதிதாகக் குடியேறும் தமிழர் விரைவிலேயே எதிர்கொள்ளும் கேள்வி, "ஆர் யூ கமிங் வித்?" என்பது. 'வித்' என்பதற்குப் பின் ஒரு பெயர் வர வேண்டுமே என்று பள்ளியில் படித்த இலக்கணம் உறுத்தும். பொருள் என்னவோ எளிதுதான்: 'கூட வருகிறீர்களா?' இத்தகைய வழக்குகளைத் தனிச்சொல்லாகப் பிரித்துத் தேடாமல், முழு வாக்கியத்தையும் யார் யாரிடம் சொன்னார் என்பதையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

தோற்றத்தைத் தேடும்போதுதான் பலரும் சறுக்குகிறார்கள். தமிழில் 'கூட வா' என்று சொல்லவும் பெயர் தேவையில்லை; ஆகவே, 1860 முதல் டர்பன் அடங்கிய நேட்டால் பகுதியின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்த நம் முன்னோர் தந்த கொடை இது என்று பெருமைப்படத் தோன்றும். ஒப்புமை மட்டும் சான்றாகாது. இதே வழக்கு வேறு யாரிடம் உண்டு, அவர்களுக்கு அண்டை மொழி எது என்று கேளுங்கள். டச்சிலிருந்து கிளைத்த தென்னாப்பிரிக்க மொழியான ஆப்பிரிக்கான்ஸில் 'சாம்கொம்', ஜெர்மனில் 'மிட்கொம்மென்' என்ற வினைகள் இதே அமைப்பில் உள்ளன. ஜெர்மானியரும் ஸ்காண்டிநேவியரும் குடியேறிய அமெரிக்காவின் மினசோட்டாவிலும் 'கம் வித்' வழங்குகிறது. அங்கே தமிழுக்கு என்ன வேலை? தென்னாப்பிரிக்க வழக்கு ஆப்பிரிக்கான்ஸ் வழி வந்தது என்பதே பொருந்துகிறது. தமிழ்க் காதுக்கு அது இடறவில்லை என்பதை வேண்டுமானால் ஒப்புக்கொள்ளலாம்.

'ஜஸ்ட் நவ்' என்பதும் அப்படியே. இங்கே அதற்கு 'இப்போதே' என்று பொருளில்லை. 'கொஞ்சம் கழித்து' என்றே பொருள். ஆப்பிரிக்கான்ஸின் 'நெட்நோ' இதன் பின்னால் நிற்கிறது. குழாய் பழுதுபார்ப்பவர் 'ஜஸ்ட் நவ்' வருவதாகச் சொன்னால் நிதானமாகச் சமைத்து முடிக்கலாம்.

கொச்சைச் சொற்களுக்குக் கதைகள் எளிதில் ஒட்டிக்கொள்ளும். ரொட்டியின் நடுவைத் தோண்டிக் குழம்பு ஊற்றித் தரும் 'பனி சௌ'வில் (bunny chow), ஆங்கிலப் பெயரைக் கேட்டு நினைப்பதுபோல் முயல்கறி கிடையாது; 'பனி' என்பது வணிகரைக் குறிக்கும் 'பனியா'வின் திரிபு என்பதே பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம், 'சௌ' உணவைக் குறிக்கும் பழைய கொச்சை. டர்பனின் கிரே தெருவில் எந்தக் கடை அதை முதலில் விற்றது என்ற வாதம் சொல்லாராய்ச்சிக்கு உதவாது.

முடிவுக்கு வருமுன் 1996-இல் ஆக்ஸ்ஃபோர்டு வெளியிட்ட, வரலாற்று நெறியில் அமைந்த தென்னாப்பிரிக்க ஆங்கில அகராதியைப் பாருங்கள். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. இந்தியர் வழக்குகளுக்கு மொழியியலாளர் ரஜேந்த் மேஸ்த்ரியின் 2010 அகராதி உண்டு. முன்னதில் ஒவ்வொரு சொல்லுக்கும் ஆண்டு வாரியாக மேற்கோள்கள் இருக்கும். நீங்கள் கேட்ட கதையில் வரும் நிகழ்ச்சி முதல் மேற்கோளுக்குப் பிந்தையதென்றால், கதை எவ்வளவு சுவையாக இருந்தாலும் அதைக் கைவிடுங்கள்.