ஜூலையிலும் பனி: ரெய்னியர் மலையில் முதல்முறை நடப்பவர்களுக்கு

அமெரிக்காவின் சியாட்டிலிலிருந்து காரில் இரண்டரை மணி நேரம் போனால், ரெய்னியர் மலையின் தெற்குச் சரிவில், 5,400 அடி உயரத்தில் பேரடைஸ் என்ற இடம் வரும். 1971-72 பருவத்தில் இங்கே கொட்டிய பனி 1,122 அங்குலம், அதாவது 28 மீட்டருக்கும் மேல். அவ்வளவு பெய்யும் இடத்தில் கோடை வந்ததும் எல்லாம் உருகிவிடாது. ஜூலைக் கடைசியில் கீழே பூக்கள், மேலே பனி. பனியில் நடந்தே பழகாத நண்பர்களை நான் அழைத்துப்போவது இங்கேதான்.

பேரடைஸிலிருந்து தொடங்கும் ஸ்கைலைன் பாதை, கிளம்பிய இடத்துக்கே திரும்பிவரும் வட்டம். 5.5 மைல் நீளம், 1,700 அடி ஏற்றம். புதியவர்கள் ஆறு மணி நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

1. நாள் பார்த்தல்

ஜூலை பிற்பாதியோ ஆகஸ்ட் தொடக்கமோ நல்லது. வார நாளாக இருந்தால் இன்னும் நல்லது. காலை ஏழு மணிக்குள் போய்விட்டால் பார்க்கிங்குக்கு அலைய வேண்டாம். பாதையில் எங்கே பனி மிச்சம் இருக்கிறது என்று அங்குள்ள ரேஞ்சரிடம் (பூங்காக் காவலரிடம்) கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

2. பை கட்டுதல்

கணுக்காலை மூடும், நீர் புகாத காலணி முக்கியம். அதன்மேல் மாட்டிக்கொள்ள மைக்ரோஸ்பைக் வாங்குங்கள்: ரப்பர் வளையம், அடியில் சங்கிலி, சங்கிலியில் சிறிய இரும்புப் பற்கள். ஊன்றுகோல் இரண்டு. பருத்திச் சட்டை வேண்டாம், நனைந்தால் காயாது. கறுப்புக் கண்ணாடி கட்டாயம். பனியில் பட்ட வெயில் கீழிருந்தும் முகத்தில் அடிக்கும். எனவே சன்ஸ்கிரீனை மூக்கின் அடியிலும் தாடைக்குக் கீழும் பூசுங்கள். மேகம் இறங்கினால் பனியும் வானமும் ஒரே வெள்ளையாகிப் பாதை மறையும். வரைபடத்தைப் போனில் முன்பே இறக்கி வையுங்கள். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். சாப்பாட்டுக்குப் புளியோதரையை மிஞ்சியது எதுவும் இல்லை.

3. புல்வெளியில்

கடிகாரச் சுற்றில் நடங்கள். உருகும் பனியின் விளிம்பில் ஒருமுறை குனிந்து பாருங்கள். ஒரு விரல் கனம்கூட இல்லாத பனித்தோலைத் துளைத்துக்கொண்டு அவலாஞ்ச் லில்லியின் முளை எழும்பியிருக்கும். பக்கத்திலேயே வெள்ளை இதழும் மஞ்சள் நடுவுமாகப் பூத்ததும் நிற்கும். சற்றுத் தள்ளி லூபின் செடி. விரித்த கைபோன்ற அதன் இலையின் நடுவில் ஒரு நீர்மணி.

இந்தச் செடிகளுக்கு ஆண்டில் கிடைப்பது சில வாரங்கள்தான். அதற்குள் முளைத்து, பூத்து, விதை விட வேண்டும். ஒரு காலடியில் நசுங்கினால் அந்த இடம் தேறப் பல ஆண்டுகள் ஆகும். இங்கேதான் புதியவர்கள் தவறுகிறார்கள். பாதையைப் பனி மூடியிருந்தால், வழுக்குமே என்று பயந்து ஓரத்துப் புல்லில் இறங்கிவிடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். பனிமேலேயே நடங்கள், பனிக்கு ஒன்றும் ஆகாது.

4. பனியில் கால் வைத்தல்

ஏறும்போது காலணியின் முனையால் பனியை உதைத்து ஒரு படி செய்து, அதில் கால் நிலைத்த பிறகே அடுத்த காலை எடுங்கள். முன்னே போனவரின் படியிலேயே மற்றவர்களும் மிதித்தால் எல்லோருக்கும் களைப்பு குறையும். இறங்கும்போது உடம்பைப் பின்னால் சாய்க்கத் தோன்றும், சாய்த்தால் வழுக்கும். முழங்காலைச் சற்றே மடக்கி, நிமிர்ந்து, குதிகாலை அழுத்தி ஊன்றுங்கள்.

பாறையையும் மரத்தையும் ஒட்டிய பனி உள்ளே பொள்ளலாக இருக்கும். போன ஆண்டு என் நண்பர் ஒருவர் பாறையருகே கால் வைத்தார், தொடைவரை உள்ளே போய்விட்டது. காலை வெளியே எடுக்கக் கையால் பனியைத் தோண்ட வேண்டியிருந்தது. காலடியில் நீரோடும் சத்தம் கேட்டால் அந்தப் பனியில் ஏறவே ஏறாதீர்கள். அது ஓடைமேல் நிற்கும் மெல்லிய கூரை.

சறுக்கி விளையாட ஆசை வரும். சரிவின் அடி முழுதும் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் வேண்டாம்.

5. பனோரமா பாயிண்ட்

வட்டப்பாதையில் நின்று சுற்றிலும் பார்க்கும் இடம் இது, 6,800 அடி உயரம். வழியில் நிஸ்குவாலி பனியாறு தெரியும். வானம் தெளிந்திருந்தால் தெற்கே ஆடம்ஸ், செயின்ட் ஹெலன்ஸ், ஹுட் மலைகளையும் பார்க்கலாம். இங்கிருந்து வட்டத்தைத் தொடரும் கீழ்ப்பாதையில் செங்குத்தான பனிச்சரிவு ஒன்று கோடையிலும் கிடக்கும். அதைக் குறுக்கே கடக்காமல், இன்னும் கொஞ்சம் மேலேறிச் சுற்றிவரும் ஹை ஸ்கைலைன் கிளையைப் பிடியுங்கள். ஏற்றம் கூடும், பரவாயில்லை.

6. கூட்டமாகப் போதல்

மெதுவாக நடப்பவரை முன்னே விடுங்கள். பின்னால் விட்டால் அவர் வந்து சேரும் நேரத்தில் மற்றவர்கள் இளைப்பாறி எழுந்துவிடுவார்கள். அவருக்கு ஓய்வே கிடைக்காது. எங்கே இருந்தாலும் இத்தனை மணிக்குத் திரும்பிவிடுவது என்று காரிலேயே பேசி முடிவெடுங்கள்.

இறங்கி முடியும் இடத்தில் மிர்ட்டில் அருவி இருக்கிறது. பாலத்துக்குப் பக்கத்தில் கீழே இறங்கும் சிறு கிளைவழியில் போய்த் திரும்பி நில்லுங்கள். அருவிக்கு மேலே ரெய்னியர் முழுதாகத் தெரியும்.