வீ, கேம்கியூப் டிஸ்க்கா? ஆர்விஇசட்டில் சேமியுங்கள்

நிண்டெண்டோவின் வீ கேம் கன்சோல் டிஸ்க் ஒன்றை ஐஎஸ்ஓவாக (டிஸ்க்கின் முழு நகலாக ஒரே ஃபைல்) எடுத்தால், விளையாட்டு அரை ஜிபிதான் என்றாலும் ஃபைல் 4.7 ஜிபி வரும். காலி இடத்தில் தாறுமாறான எண்களைக் கொட்டி நிரப்பியிருப்பார்கள், போதாக்குறைக்கு வீ டிஸ்க் முழுக்கப் பூட்டப்பட்ட தரவு, அதனால் சாதாரண ஜிப்பில் போட்டுப் பயனில்லை.

டால்ஃபின் எமுலேட்டரில் (வீ, கேம்கியூப் விளையாட்டுகளைக் கணினியில் ஓட்டும் மென்பொருள்) 2020இல் வந்த ஆர்விஇசட் ஃபைல் வடிவம் இந்த இரண்டையும் தீர்க்கிறது. பூட்டைத் திறந்து, உள்ளே இருப்பதை இசட்ஸ்டாண்டர்டு முறையில் சுருக்குகிறது. அந்த நிரப்பு எண்கள் ஒரு சூத்திரத்திலிருந்து பிறப்பவை என்பதால் சூத்திரத்தின் தொடக்க எண்ணை மட்டும் வைத்துக்கொள்கிறது, கேட்கும்போது பழைய ஐஎஸ்ஓவை ஒரு பைட் பிசகாமல் திருப்பித் தருகிறது. எனக்கு இதுதான் முக்கியம். டபிள்யூபிஎஃப்எஸ் என்ற இன்னொரு ஃபைல் வடிவமும் சின்னதாகத்தான் வரும், விளையாடவும் செய்யும், ஆனால் நிரப்பைத் தூக்கி எறிந்துவிடும். முன்பு நான் சில டிஸ்க்குகளை அப்படி மாற்றிவிட்டு ஐஎஸ்ஓவை அழித்தேன், பிறகு ஒரு டிஸ்க்கில் கீறல் விழுந்து படிக்காமல் போனது, அதன் முழு நகல் இனி என்னிடம் கிடையாது.

சரி, செய்முறை. ஹோம்புரூ (ரசிகர்கள் எழுதிய செயலிகளை ஓடவிடும் வசதி) போட்ட வீயில் கிளீன்ரிப் என்ற நகலெடுக்கும் செயலி மூலம் உங்கள் டிஸ்க்கை யுஎஸ்பி டிரைவுக்கு எடுங்கள். டிரைவ் என்டிஎஃப்எஸ் ஃபார்மட்டில் இருக்கட்டும், ஃபேட்32 என்றால் 4 ஜிபி வரம்பு இருப்பதால் ஃபைல் துண்டு துண்டாக வரும், அப்புறம் ஒட்டவைக்கும் வேலை.

அடுத்து கணினியில், டால்ஃபின் பட்டியலில் அந்த விளையாட்டின் மேல் ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டிஸ் போய், வெரிஃபை பக்கத்தில் ரீடம்ப் (சரியான நகல்களின் விவரங்களைத் திரட்டி வைத்திருக்கும் தளம்) சோதனையையும் டிக் செய்து ஓடவிடுங்கள். நல்ல நகல் என்று வந்தால் மட்டும் மேலே போங்கள், பிழையான நகலைச் சுருக்கினால் பிழையும் சேர்ந்து சுருங்கும், அவ்வளவுதான். ஃபைலின் கைரேகை மாதிரியான எஸ்ஹெச்ஏ-1 எண்ணைக் குறித்து வையுங்கள்.

மறுபடி ரைட் கிளிக், கன்வர்ட் ஃபைல், ஃபார்மட் ஆர்விஇசட். பிளாக் அளவு 128 கேபி, சுருக்க நிலை 5 என்று தானாக வருவதை மாற்ற வேண்டாம். நிலையை ஏற்றினால் நேரம்தான் போகும், இடம் பெரிதாக மிச்சமாகாது.

முடிந்ததும் ஆர்விஇசட் ஃபைலையும் வெரிஃபை செய்யுங்கள். குறித்து வைத்த அதே எண் வர வேண்டும். வந்த பிறகு ஐஎஸ்ஓவை அழிக்கலாம், அதற்கு முன் வேண்டவே வேண்டாம்.

வீயிலேயே யுஎஸ்பி லோடர் (யுஎஸ்பி டிரைவிலிருந்து விளையாட்டை ஓட்டும் செயலி) வழியாக விளையாட நினைத்தால் ஆர்விஇசட் அங்கே ஓடாது, அதே கன்வர்ட் ஃபைலில் ஐஎஸ்ஓவாகத் திருப்பிக்கொள்ளுங்கள்.