நண்பர் தந்த நாலாவது சுவர்க்கடிகாரம்: வேண்டாத பரிசை என்ன செய்வது? (படிப்படியாக)

கிரகப்பிரவேசம் முடிந்த மறுநாள் ஹால் மூலையில் குவிந்திருக்கும் பார்சல்களைப் பிரித்தால் எப்படியும் மூணு சுவர்க்கடிகாரம், ஒரு லெமன் செட், ரெண்டு ஹாட்பாக்ஸ், கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பிள்ளையார் தேறும். சொந்தக்காரர் வைத்தது வேறு கணக்கு. அது மொய் நோட்டில் ஏறி, திருப்பிச் செய்யும்போது தீர்ந்துவிடும். சிக்கல் நண்பர்கள் தந்ததில்தான். அடுத்த மாதமே காபி குடிக்க வருவார்கள், வந்ததும் சுவரைப் பார்ப்பார்கள்.

தேவையானவை: ஒரு நோட்டு, கத்தரிக்கோல், தேங்காய் எண்ணெய், ஸ்டார் ஸ்க்ரூடிரைவர்.

படி 1: பிரிக்கும்போதே எழுதுங்கள்

யார், என்ன பொருள், எந்தக் கடை, இப்போது எங்கே இருக்கிறது என்று நாலு கட்டம். கடைசிக் கட்டம்தான் முக்கியம், அதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். மொபைலில் எழுதுவதைவிட நோட்டுதான் நல்லது. ஒருவர் பிரிக்க, இன்னொருவர் எழுத வசதி. அட்டைப்பெட்டி, விலைச்சீட்டு, வாரண்டி கார்டு எதையும் ஒரு மாதத்துக்குத் தூக்கிப் போடாதீர்கள்.

தின்பண்டத்தை மட்டும் அன்றே தனியாக எடுங்கள். உதிரியாக விற்கும் இனிப்புக்கும் எத்தனை தேதிக்குள் சாப்பிட வேண்டும் என்று கடையில் எழுதி வைத்திருக்கலாம். ஆனால் அது கடைத் தட்டில் இருக்கும், உங்களுக்கு வந்த பெட்டியில் இருக்காது. பால்கோவா, ரசகுல்லா மாதிரி பால் இனிப்பு என்றால் அன்றைக்கே அக்கம்பக்கத்தில் கொடுத்துவிடுங்கள். மைசூர்பாகு ஒரு வாரம் தாங்கும்.

படி 2: நன்றி சொல்லும் போன்

முக்கால்வாசிப் பேர் சறுக்குவது இங்கேதான். நம் பக்கம் தந்தவர் எதிரில் பார்சலைப் பிரிக்கிற வழக்கம் கிடையாது. அதனால் முகத்தைச் சமாளிக்கும் வேலை மிச்சம். மறுநாள் போனில்தான் மாட்டிக்கொள்கிறோம். பிடிக்காத பொருளை வாங்கிய குற்ற உணர்ச்சியில், பிடித்ததற்குச் சொல்வதைவிட ரெண்டு மடங்கு புகழ்ந்துவிடுகிறோம்: "மச்சான், சூப்பர்டா! இப்படி ஒண்ணுதான் தேடிக்கிட்டு இருந்தோம்!"

அவர் என்ன செய்வார்? அடுத்த கல்யாண நாளுக்கு அதே கடைக்குப் போவார். லெமன் செட்டைப் புகழ்ந்தால் அதற்கு ஜோடியாக ஜூஸ் ஜக் வரும். பிளாஸ்டிக் பூங்கொத்தைப் புகழ்ந்தவர் வீட்டில் மூணு வருஷத்தில் ஒரு தோட்டமே இருக்கும்.

சூத்திரம் இதுதான்: ஆளைப் பற்றி ரெண்டு வாக்கியம், பொருளைப் பற்றி ஒரே வாக்கியம், அதுவும் பார்த்தேன் என்கிற அளவில். "அவ்வளவு தூரத்துலேர்ந்து குடும்பத்தோட வந்தியே, அதுவே பெருசுடா. பந்தியில நீ நின்னு கவனிச்சதை அப்பா சொல்லிச் சொல்லி மாளல. கடிகாரத்தைப் பிரிச்சுப் பார்த்தோம், தேங்க்ஸ்டா." இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. "ஹால்ல மாட்டப்போறோம்" என்று மட்டும் வாயைக் கொடுக்காதீர்கள். மாட்டியே ஆக வேண்டும்.

படி 3: கடையில் மாற்ற முடியுமா?

துணி என்றால் முதலில் இதைப் பாருங்கள். பெரும்பாலான ஜவுளிக்கடைகளில் விலைச்சீட்டு கிழியாமல், மடிப்புக் கலையாமல் இருந்தால் பில்லில் போட்ட கெடுவுக்குள் வேறு எடுத்துக்கொள்ளலாம். காசாகத் தர மாட்டார்கள். புடவையில் பிளவுஸ் பிட்டை வெட்டிவிட்டாலோ ஃபால்ஸ் அடித்துவிட்டாலோ அவ்வளவுதான். பில் இல்லாமலே, சீட்டில் இருக்கும் பார்கோடை வைத்து மாற்றித் தரும் கடைகள் உண்டு. நண்பரிடம் பில் கேட்குமுன் கவுண்டரில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். கேட்டே ஆக வேண்டுமென்றால் துணிக்குக் கேட்பதில் தப்பில்லை: "சைஸ் ஒரு நம்பர் மாறுது, பில் இருந்தா அனுப்பு."

அயர்ன் பாக்ஸ், மிக்ஸி என்றால் வாரண்டி கார்டில் கடை சீலும் தேதியும் இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் சர்வீஸ் சென்டரில் பில் கேட்பார்கள்.

படி 4: கடிகாரம்

இருபது பேர் சேர்ந்து வாங்கி, உங்கள் தம்பதி போட்டோவையே டயலில் அச்சடித்துத் தந்த கடிகாரம் என்றால் அதை யாருக்கும் தள்ளிவிட முடியாது. படுக்கையறைக்கு அனுப்பலாம். அங்கே டிக் டிக் சத்தம் தூங்க விடாது. இதற்கு வழி இருக்கிறது. கடிகாரக் கடையில் சத்தம் இல்லாத 'ஸ்வீப் மெஷின்' என்று கேளுங்கள். போகும்போது பழைய மெஷினையோ கடிகாரத்தையோ கையோடு கொண்டுபோங்கள். முள் மாட்டும் தண்டு, டயல் அட்டையின் கனத்துக்கு ஏற்ற நீளத்தில் வேண்டும். தண்டு குட்டையாக இருந்தால் மேலே நட் பிடிக்காது.

பேட்டரியைக் கழற்றிவிட்டு, பின்பக்க ஸ்க்ரூக்களை எடுத்துக் கண்ணாடியைப் பிரியுங்கள். வினாடி முள்ளை நேராக மேல்நோக்கி இழுத்தால் வந்துவிடும். அடுத்து நிமிட முள், பிறகு மணி முள், கடைசியில் நட். புது மெஷினை மாட்டியதும் மூணு முள்ளையும் சரியாக 12-இல் வைத்து, மணி, நிமிடம், வினாடி என்ற வரிசையில் அழுத்துங்கள். பிறகு மணி முள் ஒரு முழுச்சுற்று வரும்வரை பின்னால் இருக்கும் சக்கரத்தைத் திருப்பி, முள் ஒன்றோடொன்று உரசுகிறதா பாருங்கள். உரசினால் அந்த இடத்தில் கடிகாரம் நின்றுவிடும். பேட்டரி தீர்ந்துபோச்சு என்று நினைத்து மாற்றிக்கொண்டே இருப்பீர்கள்.

படி 5: பெயர் வெட்டிய பாத்திரம்

எவர்சில்வர் குடத்தில் "அன்பளிப்பு" என்று மெஷினால் பெயர் வெட்டியிருந்தால், உள்ளபடி சொல்கிறேன்: வைத்துக்கொண்டு புழங்குங்கள். எமரி தாளில் தண்ணீர் தொட்டு 240, 400, 800, 1200 என்று (எண் ஏற ஏறத் தாள் நைசாகும்) வரிசையாகத் தேய்த்தால் புள்ளிகள் மறையும். ஆனால் கண்ணாடி மாதிரிப் பளபளக்கும் பாத்திரத்தில் அந்த இடம் மட்டும் மங்கலாகத் திட்டுப்போட்டு நிற்கும். பெயர் இருந்ததைவிட அது அசிங்கம். மேட் ஃபினிஷ் பாத்திரத்தில் கோடு ஓடும் திசையிலேயே தேய்த்தால் ஓரளவு தப்பிக்கலாம். புழங்கவே முடியாதென்றால் பாத்திரக்கடையில் எடைக்குப் போட்டுவிடலாம். எவர்சில்வருக்குச் சொற்பம்தான் கிடைக்கும். பித்தளை, செம்புக்குக் கிலோவுக்குப் பல மடங்கு.

படி 6: கைமாற்றிவிடுவது

தப்பே இல்லை. ரவிக்கைத் துணி ஊரெல்லாம் சுற்றுவது இப்படித்தானே. ஆனால் நோட்டைப் பார்க்காமல் செய்யாதீர்கள். தந்தவருக்கும் வாங்கப்போகிறவருக்கும் பொதுவான நட்பு இருக்கவே கூடாது. ஒரே ஆபீஸ், ஒரே அபார்ட்மெண்ட், ஒரே வாட்ஸாப் குரூப் மூன்றும் வேண்டாம்.

பெட்டியை வெறுமனே திறந்து பார்த்தால் போதாது. தெர்மக்கோலைத் தூக்குங்கள். "வாழ்த்துகளுடன்" கார்டு அதற்கு அடியில்தான் நழுவிக் கிடக்கும். பொருளின் அடிப்பக்கம், மூடியின் உள்பக்கம், வாரண்டி கார்டில் எழுதிய பெயர் எல்லாம் பாருங்கள். ஸ்டிக்கர் பிசின் போகவில்லையென்றால் தேங்காய் எண்ணெய் தடவிப் பதினைந்து நிமிடம் விட்டுத் துணியால் துடையுங்கள். பழைய கிஃப்ட் பேப்பரோடு அப்படியே கொடுப்பது சோம்பேறித்தனம், மாட்டிக்கொள்ளும் வழியும்கூட.

ஹாட்பாக்ஸ், பெட்ஷீட், டிபன் கேரியர் எல்லாம் முதியோர் இல்லத்துக்கு உதவும். போன் செய்து வேண்டுமா என்று கேட்டுவிட்டுக் கொண்டுபோங்கள். ஷோபீஸை அங்கே கொண்டுபோய் இறக்காதீர்கள். உங்களுக்குத் தூசி தட்ட முடியாதது அவர்களுக்கும் அப்படித்தான்.

படி 7: அடுத்த முறை வராமல் இருக்க

"என்னடா வேணும்?" என்று நண்பர் கேட்கும்போது, "அதெல்லாம் எதுக்குப்பா, நீ வந்தா போதும்" என்கிறோமே, அந்தப் பதில்தான் நாலாவது கடிகாரமாக வருகிறது. பொருள் பெயரைச் சொல்லுங்கள், விலை குறைந்ததாகச் சொல்லுங்கள்: "ஒரு நல்ல எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வாங்கிட்டு வா." கேட்பவருக்கும் நிம்மதி. பத்துப் பேர் சேர்ந்து கேட்டால் வாட்டர் ஹீட்டர் மாதிரி ஒன்றைச் சொல்லலாம்.

பின்னர் சேர்த்தது

*சாமி சிலை, சாமி படம்:* அரசமரத்தடியில் கொண்டுபோய் வைத்துவிட்டு வருவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மழையில் நனைந்து யாரோ பெருக்க வேண்டியிருக்கும். உடையாத சிலை என்றால் கொலு வைக்கும் வீட்டில் கேளுங்கள், புரட்டாசிக்கு முன்னால் கேட்டால் சந்தோஷமாக வாங்கிக்கொள்வார்கள்.

*கிளி:* பரிசாகப் பச்சைக்கிளி வந்தால் மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வீட்டில் வளர்ப்பது குற்றம். வனத்துறையிடம் ஒப்படைத்துவிடுங்கள். கூண்டில் வரும் 'லவ் பேர்ட்ஸ்' வெளிநாட்டு இனம், பச்சைக்கிளிக்கு இருக்கும் இந்தத் தடை அதற்கு இல்லை. ஆனால் பாவம் என்று பறக்கவிட்டால் வெளியே பிழைக்காது, வளர்க்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

*"நான் குடுத்தது எங்கடா?" என்று கேட்டுவிட்டால்:* உடைந்துபோச்சு என்று சொல்லாதீர்கள், இன்னொன்று வாங்கி வருவார். "எங்க வீட்ல மூணு சேர்ந்துடுச்சு, ஒண்ணை அக்கா வீட்டுக்குக் குடுத்தேன்" என்று நடந்ததைச் சொல்லிவிடுங்கள். நிஜமாகவே அக்கா வீட்டுக்குத்தான் போனதா என்று முதலில் நோட்டின் நாலாவது கட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.